குரலுக்கு ஒரு வழி, எழுத்துக்கு ஒரு வழி

வீட்டில் யாராவது நீளமாகப் பேசத் தொடங்கினால் அவளுடைய விரல்கள் அசைய ஆரம்பித்துவிடும். மேசை மேல், மடி மேல், பாத்திரத்தின் விளிம்பில், கை எங்கே இருக்கிறதோ அங்கே. கணவன் வேலையிடத்துச் சண்டை ஒன்றை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. விரல்கள் மட்டும் அவன் சொல்வதை ஒரு சொல் விடாமல் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டிருக்கும்.

"அப்பா பேசுறதை எல்லாம் எழுதாதேம்மா. யாரு படிக்கப் போறா?" என்பாள் மகள்.

"ஏன், என் பேச்சைப் படிக்க ஆளில்லையா?" என்பான் கணவன்.

"கேக்கவே ஆளில்லை. படிக்கிறதுக்கு எங்கே போறது?"

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் விரல் ஒரு தட்டு தட்டும்.

மற்றவர்கள் பேசுவதை அவர்கள் பேசும்போதே எழுதுவதுதான் அவள் வேலை. எங்கோ ஒரு கல்லூரியில் ஆசிரியர் பாடம் நடத்துவார். முன் வரிசையில் காது கேளாத மாணவி ஒருத்தி, சிறிய திரை ஒன்றை மேசை மேல் நிறுத்திவைத்து உட்கார்ந்திருப்பாள். ஆசிரியரின் சட்டையில் மாட்டிய மைக்கிலிருந்து அவர் குரல் இணையம் வழியாக இவளுடைய பின்கட்டு அறைக்கு வரும். இவள் கேட்பாள், தட்டுவாள். எழுத்து வந்த வழியே திரும்பிப் போய் மாணவியின் திரையில் விழும். ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குவதற்குள் அந்தப் பெண் அதைப் படித்திருப்பாள்.

இந்த வேலையில் எழுதுபவளுக்குச் சொந்த வார்த்தை கிடையாது. ஆசிரியர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். அவர் சொல்லும் நகைச்சுவை புளித்துப்போனதாக இருந்தாலும் எழுத வேண்டும். வகுப்பு சிரித்தால் 'சிரிப்பு' என்று போட வேண்டும், சிரிக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். காதில் விழாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று ஒரு சொல். அதற்கு மேல் எதுவும் கூடாது. வணக்கம் கூடாது, விசாரிப்பு கூடாது, தொலைபேசி எண் கூடவே கூடாது.

நிறையப் பேருக்கு இது சிறை மாதிரி இருக்கும். அவளுக்கு அப்படி இருக்கவில்லை. பேச்சில் அவள் பிறவிக் கஞ்சம். கல்யாணப் பேச்சின்போதே, "பொண்ணு ஊமையா?" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டதாக ஒரு கதை உண்டு. அவளைவிட வேகமாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். அந்த நிறுவனத்திலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பேசுகிறவர் இழுத்தாலும், திக்கினாலும், சொன்னதையே சொன்னாலும் அவளுக்கு அலுக்காது. கவனிப்பது என்பது தன்னைக் கொஞ்ச நேரம் ஒத்திவைப்பது. பலரால் முடியாத அதை அவள் சமையலுக்கு நடுவே எழுந்து போய்ச் செய்துவிட்டு வந்தாள். இதற்கு மேல் புகழ்ந்தால் அவளுக்கே பிடிக்காது.

ஒரே மாணவிக்கு மூன்று வருடமாக எழுதிவந்தாள். மண்ணைப் பற்றிப் படிக்கும் பெண். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போனவள் என்பதால் பேச்சு உண்டு. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது அந்தக் குரல் வரும். ஏற்ற இறக்கம் இல்லாத, வாக்கியத்தின் வாலை விழுங்கிவிடுகிற குரல். முகம் தெரியாது. பெயர்கூட நிறுவனம் சொன்னதில்லை. ஆனால் எந்தப் பாடத்தில் அவள் கை முதலில் உயரும், எந்த ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவாள் என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படி.

மூன்று வருடம் எழுதியதில் மண் இவள் தலைக்குள்ளும் ஏறிவிட்டது. ஒரு நாள் பூத்தொட்டிக்கு மண் மாற்றும்போது ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்து, "களி ஜாஸ்தி. தண்ணி நிக்கும்," என்றாள்.

"உன்னோட இன்னொரு பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?" என்றாள் மகள்.

"ம்."

"பாத்தியா? அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு புஸ்தகம் எழுதுறே. எனக்கு 'ம்'. எனக்கும் காது கேக்காமப் போகட்டும், அப்பதான் நீ என்கிட்ட பேசுவே."

"வாயைக் கழுவு," என்றாள் அவள். அன்று அவள் மகளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

கடைசிப் பருவத்தில்தான் சிக்கல் வந்தது. வீட்டு இணைப்பு இரண்டு முறை பாடத்தின் நடுவில் அறுந்தது. முதல் முறை சுருக்கமாகத்தான். இரண்டாம் முறை வகுப்பின் பின்பாதி முழுக்கப் போய்விட்டது. இணைப்பு திரும்பும்வரை அவள் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அங்கே திரை வெறுமையாக நிற்கும், ஆசிரியரின் வாய் அசைந்துகொண்டிருக்கும், அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். அது இவளுக்குக் கண்ணால் கண்டது போலத் தெரிந்தது.

மறுநாள் நிறுவனத்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. உங்க வீட்டு நெட்தான் சரியில்லை. ஆனா அந்தப் பொண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? இன்னொரு தடவை அறுந்தா வேற ஆளைத்தான் போடணும். அவங்களுக்கு வாய்மொழித் தேர்வு வேற வருது. அன்னிக்கு இப்படி ஆனா நாங்க என்ன பதில் சொல்றது?"

"சரிங்க," என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம், "அந்தத் தேர்வு முடியிற வரைக்கும் நான்தான் எழுதணும்," என்றாள். அவன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் 'எனக்கு வேணும்' என்று எதையும் கேட்டு அவன் பார்த்தது அபூர்வம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ரெட்டைக்கயிறு'. எதற்கும் இரண்டாவதாக ஒன்று இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வீட்டுச் சாவி இரண்டு, குடை இரண்டு, ஒரே மாதிரி மூக்குக் கண்ணாடி இரண்டு. குடும்பப் புகைப்படங்கள் ஒரு கணினி வட்டில், அவற்றின் நகல் வேறொரு வட்டில். "வீடே எரிஞ்சு போனா ரெண்டு வட்டும்தானே போகும்?" என்று மகள் ஒரு நாள் கிண்டலாகக் கேட்டாள். அவன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நகலின் நகல் ஒன்று, எல்லோரும் தூங்கின பிறகு, தொலைவில் எங்கோ இருக்கும் கணினிக்கு இணையம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரே கயித்துல யாராவது லிஃப்டைத் தொங்க விடுவாங்களா? இத்தனை நாள் நாம அதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கோம்," என்றான். குரலில் குற்ற உணர்ச்சியைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் வேலை ஆரம்பமாயிற்று.

சுவர் வழியாக வரும் ஃபைபர் இணைப்பு முதல் கயிறு. வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட சின்னப் பெட்டி இரண்டாவது கயிறு. அது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து காற்றிலிருந்து சிக்னல் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் பிடித்து ஒரு புது ரூட்டரில் செருகினான். முதலாவது உயிரோடு இருக்கும்வரை எல்லாம் அதன் வழியே போகும். அது செத்தால் ரூட்டர் தானாகவே இரண்டாவதற்கு மாறிக்கொள்ளும்; யாரும் எழுந்து போய் எதையும் தொட வேண்டியதில்லை. அலமாரியில் ரூட்டரின் முகத்தில் இரண்டு விளக்குகள். எது எரிகிறதோ அந்தக் கயிற்றில் வீடு தொங்குகிறது என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்க மகளைத் தெருவுக்கு அனுப்பினான். அவள் அங்கே நின்று கைப்பேசியில் செய்தித்தாளை வாசித்துக்காட்ட வேண்டும். அம்மா உள்ளே இணையம் வழியாக அதைக் கேட்டு எழுத வேண்டும். நடுவில் அவன் சுவரிலிருந்து ஃபைபரைப் பிடுங்குவான்.

பிடுங்கினான். குரல் நின்றது. நின்றது நின்றதுதான். ரூட்டர் முதல் விளக்கையே எரித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

தெருவிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா, நான் ராசிபலன் வரைக்கும் வந்துட்டேன்! இன்னும் படிக்கணுமா?"

ரூட்டர் அவ்வப்போது 'இருக்கியா?' என்று ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்கும். பதில் வராவிட்டால்தான் வழி செத்துவிட்டது என்று புரிந்துகொள்ளும். அவன் அந்தக் கேள்வியைப் பக்கத்தில் இருந்த ஃபைபர் மோடத்திடமே கேட்கும்படி அமைத்திருந்தான். வெளியே கம்பி அறுந்தாலும் மோடம் அலமாரியில் சௌக்கியமாக உட்கார்ந்து, 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

"பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்வான். தூரத்துல இருக்கிறவன்கிட்ட கேக்கணும்," என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். தொலைதூரக் கணினி ஒன்றிடம் கேட்கும்படி மாற்றினான். இந்த முறை பிடுங்கியதும் மகளின் குரல் சில நொடி தடுமாறியது. இரண்டாவது விளக்கு எரிந்தது. வானிலை அறிக்கை பாதியிலிருந்து தொடர்ந்தது.

அவள் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கூடவே அவன் இன்னொன்றும் வைத்திருந்தான். வழி மாறும்போதெல்லாம் ரூட்டர் 'பீப்' என்று கூவும்; அவன் கைப்பேசிக்கு ஒரு செய்தியும் போகும். லிஃப்டில் கயிறு இளகினால் பாதுகாப்புக் கட்டை பிடித்து வண்டி நிற்கும், மணி அடிக்கும், உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள். கட்டிடம் முழுக்கத் தெரியும். அந்தப் பழக்கம் அவனுக்கு.

அடுத்து வந்த மழை வாரத்தில் ஃபைபர் போவதும் வருவதுமாக இருந்தது. பீப், பீப். ஒரு வகுப்பில், மென்று மென்று பேசும் பேராசிரியர் ஒருவர் முக்கியமான ஒரு சொல்லைச் சொல்லும் நேரத்தில் பெட்டி கூவியது. அந்தச் சொல் போயிற்று. 'கேட்கவில்லை' என்று போட்டாள். அந்தப் பெண் பிறகு அதே சொல்லை ஆசிரியரிடம் தனியாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பெட்டி வாயைக் கொஞ்சம் மூட முடியுமா?" என்றாள் அன்று மாலை.

அவள் கேட்டு அவன் மறுப்பானா? பீப்பும் செய்தியும் ஒரே பொத்தானில் இருந்தன. அணைத்தான். "நீயும் சரியாத்தான் சொல்றே. கயிறு மாறினது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்ல லிஃப்ட்," என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

அதன் பிறகு வீட்டில் நெட் போவதே இல்லை என்று ஆயிற்று. மகள்கூட, "அப்பா, உன் ஆயுள்ல உருப்படியா பண்ணின ஒரே வேலை," என்று சான்றிதழ் கொடுத்தாள். எதுவும் கெடவில்லை என்பதும், கெட்டது தெரியவில்லை என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த வீட்டில் அந்த வித்தியாசத்தை யோசிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு ஒரு பிற்பகலில். அவள் முன்கூட்டியே சாப்பிட்டு, தண்ணீர்க் குவளையை இடதுபக்கம் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மகளுக்குப் படிப்பு விடுமுறை. அடுத்த அறையில் இருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான்.

தேர்வாளர்கள் மூவர். தலைமையில் ஒரு அம்மா. எழுத்து வழி தேர்வு நடப்பதால் எல்லோரும் நிதானமாகப் பேச வேண்டும் என்று அவர்தான் முதலில் சொன்னார். கூட ஒரு இளைஞர். மூன்றாமவர் ஒரு பெரியவர். வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே முடித்துவிடுகிற ரகம்.

மாணவி தன் ஆய்வை விளக்கியபோது எல்லாம் சரியாகப் போயிற்று. அவள் பேசுவதை அவளுக்கே எழுத வேண்டியதில்லை என்பதால் இவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளம் வடிந்த வயலில் மண் எப்படித் திரும்ப உயிர் பெறுகிறது என்று அந்தத் தட்டையான குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. கேள்விகள் ஆரம்பித்தபோதுதான் குரல் உடையத் தொடங்கியது. இளைஞரின் கேள்வி பாதி வந்தது. 'கேட்கவில்லை' என்று போட்டாள். பெரியவர் ஏதோ சொன்னார். கண்ணாடித் துண்டுகளைக் குலுக்கினாற்போல் வந்தது. 'கேட்கவில்லை.' மறுபடியும் 'கேட்கவில்லை.'

நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கணவனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லிஃப்ட் கிணற்றுக்குள் இருந்தால் அப்படித்தான்.

"ஏய்! படம் பாக்கிறியா? நிறுத்து எல்லாத்தையும்!"

மகள் புத்தகத்தோடு ஓடிவந்தாள். "நான் படிச்சிட்டு இருக்கேன்மா, சத்தியமா! என்னாச்சு?"

அவள் தன் திரையைப் பார்த்தாள். மூன்று 'கேட்கவில்லை'களுக்கும் பக்கத்தில், போய்ச் சேர்ந்துவிட்டது என்ற அடையாளம் இருந்தது. மெதுவாக, ஆனால் போயிருந்தன. சிம்மில் தந்த டேட்டா அளவு தீர்ந்துபோனால் இணைப்பு நிற்பதில்லை, நத்தையாகிவிடுகிறது. நத்தையின் முதுகில் எழுத்தை ஏற்றலாம். குரலை ஏற்ற முடியாது. இந்த விவரமெல்லாம் அப்போது அவளுக்குத் தெரியாது. தன்னிடமிருந்து போகிறது, தன்னிடம் வரவில்லை என்ற அளவில் புரிந்தது.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் விரல்கள் யாருடைய பேச்சும் இல்லாமல் விசைகளின் மேல் நின்றன. பிறகு எழுதினாள்.

'இது நான். எழுதுகிறவள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. நான் எழுதுவது உனக்கு வருகிறதா?'

'உங்களுக்கு' என்று எழுதியிருக்க வேண்டும். 'உனக்கு' என்று வந்துவிட்டது. திருத்த நேரமில்லை.

மாணவி பக்கத்திலிருந்து எழுதுவதற்குத் திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் உண்டு. 'இன்று வகுப்பு இல்லை' என்பது போன்ற சேதிக்காக வைத்தது. வெகுநேரம் போனது போலத் தோன்றிய பிறகு அதில் ஒரு வரி விழுந்தது. 'வருகிறது. நான் என்ன செய்யட்டும்?'

'அங்கே யாரையாவது இந்த எண்ணுக்குப் போன் பண்ணச் சொல். போனில் கேட்டு இதில் எழுதுகிறேன்.' கீழே தன் கைப்பேசி எண்ணைத் தட்டினாள். எது கூடவே கூடாது என்று முதல் நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்களோ, அது.

கைப்பேசி அடித்தது.

"ஹலோ, நாங்க பேசுறது கேக்குதா உங்களுக்கு?" தலைமைத் தேர்வாளர் அம்மாவின் குரல், சுத்தமாக, பக்கத்து வீட்டில் நின்று பேசுவது போல.

"கேக்குது மேடம். போனை அந்த சார் பக்கத்துல வைங்க."

"எந்த சார்?"

"வாய்க்குள்ளயே பேசுறாரே, அவர்."

பெரியவர், "நானா வாய்க்குள்ள பேசுறேன்?" என்றார். பழக்க தோஷம், அவள் விரல்கள் அதையும் எழுதிவிட்டன. 'நானா வாய்க்குள்ள பேசுறேன்?' சற்றுப் பொறுத்துப் போனில் மாணவியின் சிரிப்பு கேட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். 'சிரிப்பு' என்று போட்டாள்.

இரண்டு கையும் விசைப்பலகையில் இருக்க வேண்டும். பெரியவரின் குரலுக்கோ போன் காதோடு ஒட்டியிருக்க வேண்டும். மகள் கேட்காமலே வந்து பின்னால் நின்று போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினாள். அம்மாவின் தலை கொஞ்சம் சாய்ந்தால் தானும் சாய்ந்தாள். கேள்வி போனில் வரும். எழுத்து நத்தையில் போகும். பதில் சொல்லும் குரல் மறுபடி போனில் வரும். இடையில் விழும் காத்திருப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பெரியவர்கூட, தன் கேள்வி போய்ச் சேரும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "போயிடுச்சா?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்.

"அம்மா, இவ சூப்பராப் பேசுறாம்மா," என்று மகள் கிசுகிசுத்தாள். மறு காது அவளுடையதாக இருந்தது. போனின் அந்தப் பக்கம் கன்னத்தை ஒட்டவைத்திருந்தாள்.

கேள்விகள் முடிந்தன. மாணவி வெளியே காத்திருக்க வேண்டும், தேர்வாளர்கள் கலந்து பேசுவார்கள். அவள் திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போனைக் கட் பண்ணிடலாமா?" என்றார் இளைஞர்.

"வேண்டாம். திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ. அப்படியே இருக்கட்டும்," என்றார் தலைமை அம்மா. அடுத்த நொடியே, "சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பெரியவரைக் கேட்டார். போன் என்ற ஒன்று மேசையில் இருப்பதை மூவரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

அவள் மகளின் கையிலிருந்து போனை வாங்கினாள். கட்டிலுக்குப் போய்த் தலையணைக்கு அடியில் வைத்து, மேலே இன்னொரு தலையணையைப் போட்டாள்.

"அம்மா! என்ன சொல்றாங்கன்னு கேக்கலாம்மா!"

"அவ கேக்காததை நாம கேக்கக் கூடாது."

"அவளுக்குத்தான் காதே கேக்காதேம்மா!"

"அதனாலதான்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. அப்பா. கிணற்றிலிருந்து ஏறி வந்து, தவறிய அழைப்பைப் பார்த்திருக்கிறான்.

"என்னம்மா? என்னாச்சு? தேர்வு என்னாச்சு?"

"உன் ரெண்டாவது கயிறு நூலாயிடுச்சுப்பா. அம்மா போன்ல கேட்டு எழுதினாங்க."

"எந்த விளக்கு எரியுது?"

"ரெண்டாவது."

"எப்போலேர்ந்து?"

"எனக்கென்ன தெரியும்? அதோட வாயைத்தான் மூடிட்டியே."

"ஜன்னல் வழியா வெளியே பாரு. குழாய் ஓரமா கறுப்பா ஒரு கம்பி வரும், அதான் ஃபைபர். எப்படி இருக்கு?" என்றான்.

மகள் எட்டிப் பார்த்தாள். போன வாரம் கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தவர்கள், தொங்கிக்கொண்டிருந்த கம்பியை அசிங்கமாக இருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். இறுக்கமாக மடித்து, சுருட்டி, குழாயோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். பரிசுப் பொட்டலத்துக்குப் போடுவது மாதிரி அழகான முடிச்சு. அதன் மேலும் ஒரு பூச்சு வெள்ளை. பார்த்ததை அப்பாவிடம் சொன்னாள்.

"ஃபைபர் உள்ள கண்ணாடிடி. அப்படி மடிச்சா செத்துடும்," என்று முனகினான். "சரி, அது போச்சு. ஆனா ரெண்டாவது ஏன் தீர்ந்தது? அவ்வளவு சீக்கிரம் தீராதே. நீ படம் ஏதாவது..."

"எல்லாரும் ஏன் என்னையே சொல்றீங்க?"

"இல்லை, இரு." வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டான். "ராத்திரி ராத்திரி போட்டோ எல்லாம் போய்க்கிட்டிருந்துதே. நகல்."

"எந்த நகல்?"

"வீடு எரிஞ்சா வேணும்னு."

மகள் போனைக் கீழே இறக்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேலி பயிரை மேய்ந்திருந்தது. அவனுடைய ஜாக்கிரதை, தான் செய்த இன்னொரு ஜாக்கிரதையை ஒரு வாரமாக இரவு இரவாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தது. பெட்டி ஒரு தடவை கூவியிருந்தால் போதும்.

அவள் மகளிடமிருந்து போனை வாங்கினாள்.

"நான் இப்பவே கிளம்பி வரேன்," என்றான் அவன். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "உனக்காகத்தான் எல்லாம் பண்ணினேன். கடைசியில நானே..."

"வர வேண்டாம். வேலையைப் பாருங்க."

"திட்டவாவது திட்டேன்."

"பெட்டி வாயை மூடச் சொன்னது நான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கோம்," என்றாள். "மேல ஏறும்போது பாத்து ஏறுங்க. இதையே நினைச்சிட்டு ஏறாதீங்க."

திரையின் மூலைக் கட்டத்தில் ஒரு வரி விழுந்திருந்தது. 'உள்ளே கூப்பிடுகிறார்கள்.'

தலையணைகளை விலக்கிப் போனை எடுத்தாள். மகள் வாங்கி அவள் காதில் வைத்தாள். நாற்காலி இழுபடும் சத்தம். தலைமை அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க மூணு பேரும் கலந்து பேசினோம்," என்றார். "ரெண்டு இடத்துல திருத்தம் இருக்கு, அதை எழுதித் தரோம். மத்தபடி, நீங்க தேர்ச்சி பெற்றதா முடிவு பண்ணியிருக்கோம். வாழ்த்துகள்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எழுதினாள். ஒரு சொல்லையும் சுருக்கவில்லை, திருத்தத்தைப் பற்றிய வாக்கியத்தையும் விடவில்லை. எழுத்து கிளம்பியது.

போனில் சத்தமே இல்லை. அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். இந்த அறையில் இரண்டு பேருக்கும் தெரியும். யாருடைய செய்தியோ அவளுக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரும் முந்திக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டவில்லை என்று நினைக்க இவளுக்குப் பிடித்திருந்தது. தேர்ச்சி என்ற சொல் தெருவையும் ஊரையும் கடந்து, தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாற்காலி கீழே விழும் சத்தம். பெரியவரின் "பாத்தும்மா, பாத்து!" மாணவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல்.

"எழுதினவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்," என்றது அந்தக் குரல்.

"சொல்லுங்க. அவங்க கேட்டுட்டுத்தான் இருக்காங்க," என்றார் தலைமை அம்மா. போன் நகர்த்தப்பட்டது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குச் சளி பிடிச்ச வாரம் எனக்குத் தெரியும். இருமும்போதெல்லாம் எழுத்து நிக்கும். சார் ஜோக் சொல்லும்போது, அது நல்லா இல்லைன்னா நீங்க கொஞ்சம் மெதுவா எழுதுவீங்க. அப்புறம், நான் கேள்வி கேட்டு அவர் நல்ல பதில் சொன்னா வேகமா வரும். நான் அதைப் பாத்துத்தான் நல்ல கேள்வி எதுன்னு கத்துக்கிட்டேன்."

தன்னை ஒத்திவைத்துவிட்டதாக மூன்று வருடம் நினைத்திருந்தவள் அசையாமல் கேட்டாள். அசையாமல் என்று சொல்ல முடியாது. விரல்கள் அவள் அறியாமல் ஒவ்வொரு சொல்லையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன.

"அய்யோ, நான் சொல்றதையே எனக்கு அனுப்புறீங்க!" என்று மாணவி சிரித்தாள். விரல்கள் அதையும் எழுதின.

"அம்மா, நிறுத்தும்மா," என்று மகள் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நீ ஏதாவது சொல்லு. உன் வார்த்தையில."

நாளைக்கு மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணைக் கொடுத்ததற்கு, பேசியதற்கு, எல்லாவற்றுக்கும். சொல்லிக்கொள்ளலாம். அவள் விரல்கள் விசைகளின் மேல் வெகுநேரம் நின்றன. சொல்ல நிறைய இருந்தது போலவும் ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது. கடைசியில் தட்டினாள்.

'சந்தோஷம். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாய். முதலில் போய்ச் சாப்பிடு.'

"அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"ம்," என்றாள் அவள்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, அந்த வரி அங்கே போய்ச் சேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.